அணுமின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளியின் மருத்துவச் செலவு யாருடையது?

இராமநாதபுரம் கடற்கரையில் அணுஉலை எதுவும் இல்லை. வடக்கே கல்பாக்கத்திலும் தெற்கே கூடங்குளத்திலும் இருக்கின்றன. எங்கள் கரையிலிருந்து ஆட்கள் மட்டும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டுவிடுவதால், எனக்குத் தெரிந்த சிலர் சாரம் கட்டவும் பெயின்ட் அடிக்கவும் ஏதாவது ஓர் ஒப்பந்தக்காரரோடு கிளம்பிவிடுவார்கள். தடைக்காலம் முடிந்ததும் பாதிப்பேர் கடலுக்குத் திரும்புவார்கள். மீதிப்பேர் ஒப்பந்தக்காரர் மாற மாற அவர்களோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருப்பார்கள்.

அப்படிப் பல ஆண்டுகள் போய்வந்த என் பெரியப்பா மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான் நான் இந்தச் சட்டங்களைத் தேடிப் படித்தேன். அவருடைய நோய் அந்த வேலையால் வந்தது என்று நான் இங்கே சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு வேண்டிய கணக்கு எங்கள் கையில் இல்லை என்பதே பிரச்சினை. கடைசியாக அவரை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர், அவர் தன்னிடம் சில வாரங்களே இருந்ததாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். "நான் யார்கிட்ட வேலை பாத்தேன்னு எந்தக் காகிதத்துலப்பா இருக்கு?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார். வங்கிப் புத்தகத்தில்கூட இல்லை, ஏனென்றால் கூலியை மேஸ்திரி கையில்தான் கொடுத்திருக்கிறார்.

சட்டம் இந்த நோய்களை மறந்துவிடவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அயனியாக்கும் கதிர்வீச்சால் உண்டாகும் நோய்கள் தொழில்சார் நோய்களாகவே இடம்பெற்றிருந்தன. 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் அட்டவணையிலும் அவை உண்டு. வேலையில் ஏற்பட்ட பாதிப்புக்குத் தொழிலாளி செய்த உண்மையான மருத்துவச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்பதும் பழைய சட்டத்தின் 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்தாலும் அவரிடம் வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளிக்கு இழப்பீட்டுப் பொறுப்பு உண்டு என்று அதன் 12ஆம் பிரிவு சொன்னது; இவை புதிய தொகுப்பிலும் தொடர்கின்றன. இவ்வளவும் படித்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை ஏற்பட்டது.

ஆனால் அதே பழைய சட்டத்தின் 3ஆம் பிரிவு, இந்த வகை நோய் வேலையால் வந்ததாகக் கருதப்பட வேண்டுமானால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதத்திற்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டும் என்றது; புதிய தொகுப்பிலும் அந்த நிபந்தனை தொடர்கிறது. வேறொரு முதலாளியிடம் அதே வேலையைச் செய்த காலம் இந்தக் கணக்கில் சேராது. அந்த ஆறு மாதம் நிரம்பாவிட்டால், நோயானது குறிப்பிட்ட ஒரு விபத்தின் நேரடி விளைவு என்று தொழிலாளியே நிறுவ வேண்டும். சிறிது சிறிதாக உடலில் சேரும் கதிர்வீச்சுக்கு அப்படி ஒரு விபத்தை எங்கே போய்க் காட்டுவது? இரண்டு மாதம் ஒருவரிடம், மூன்று மாதம் இன்னொருவரிடம் என்று பத்து ஆண்டு உழைத்தவருக்கும் சட்டப்படி ஆறு மாதம் நிரம்பாமல் போகலாம். எங்கள் ஊர்த் தடைக்காலக் கூலியாட்களுக்கோ அது நிரம்பவே வழியில்லை.

இழப்பீடு கேட்பதற்கான காலக்கெடு இன்னொரு சிக்கல். வேலையை விட்ட பிறகு இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறி தோன்றினால், அது கண்டறியப்பட்ட நாளை விபத்து நாளாகக் கொள்ளலாம் என்று பழைய சட்டத்தின் 10ஆம் பிரிவு இடம் தந்தது; புதிய தொகுப்பிலும் அப்படியே. கதிர்வீச்சால் வரும் இரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளில் வெளிப்படலாம். நுரையீரல், தைராய்டு போன்ற உறுப்புகளில் கட்டியாக வளரும் புற்றுநோய்கள் வெளிப்படப் பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆவது மருத்துவ உலகம் நன்கு அறிந்தது. தாமதத்திற்குத் தக்க காரணம் இருந்தால் உரிய அதிகாரி மனுவை ஏற்கலாம் என்றாலும், தொழிலாளியின் உரிமை ஓர் அதிகாரியின் மனத்தைப் பொறுத்ததாக இருப்பது சரியில்லை.

அணுகுண்டுத் தொழிற்சாலைகளில் நோயுற்ற தம் தொழிலாளர்களுக்காக அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. அங்கும் பல பத்தாண்டுகள் மறுப்பும் மறைப்பும் நடந்த பிறகுதான் அது வந்தது. அந்தச் சட்டம் நேரடித் தொழிலாளர்களோடு ஒப்பந்தக்காரர்களின் ஆட்களையும் துணை ஒப்பந்தக்காரர்களின் ஆட்களையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கிறது. தகுதி பெற்ற புற்றுநோயாளிக்கு 1,50,000 டாலர் ஒரே தொகையாகக் கிடைப்பதுடன், ஏற்கப்பட்ட நோய்க்கான மருத்துவச் செலவு முழுவதையும் அரசே ஏற்கிறது. சிகிச்சைக்குப் போய்வரும் செலவும் மருத்துவர் பரிந்துரைத்தால் வீட்டுக்கு வரும் செவிலியரின் பணியும் அதில் அடங்கும். பதிவேடுகள் போதாத சில நிலையங்களில் வேலை செய்தவர்களைச் சிறப்புப் பிரிவில் சேர்த்து, 250 வேலைநாள் இருந்து 22 வகைப் புற்றுநோய்களில் ஒன்று வந்திருந்தால், கதிர்வீச்சு அளவை நிரூபிக்கச் சொல்லாமலேயே ஏற்றுக்கொள்கிறார்கள். பதிவேடு இல்லாத குறைக்குத் தொழிலாளியைத் தண்டிக்காத இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இங்கே இருப்பது முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் மதுரைக்குப் போய்வரும் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்திற்கும், கூடவே இருக்கும் அண்ணிக்கு நின்றுபோன கூலிக்கும் அது பதில் சொல்லாது.

எனவே இப்போது அங்கே வேலைக்குப் போகும் தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கதிர்வீச்சுப் பகுதிக்குள் போகும்போது சட்டையில் குத்தித் தரும், உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜின் அளவுகள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் சேர்கின்றன. உங்களுக்குத் தரப்பட்ட எண்ணையும், ஒவ்வொரு முறையும் பதிவான அளவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நுழைவு அனுமதிச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். வருங்கால வைப்புநிதி பிடிக்கப்பட்டால், அந்தக் கணக்கு உங்கள் ஒவ்வொரு முதலாளியின் பெயருக்கும் சாட்சியாக இருக்கும். பிடிக்காத ஒப்பந்தக்காரரிடம் ஏன் பிடிக்கவில்லை என்று கேளுங்கள்.

சட்டம் இயற்றுவோரிடம் கேட்க வேண்டியதும் சிக்கலானது அல்ல. கதிர்வீச்சு நோய்களைப் பொறுத்தவரை, ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் என்பதை நீக்கி, எந்த ஒப்பந்தக்காரரின் கீழ் இருந்தாலும் அந்த வேலையில் கழிந்த நாட்களை எல்லாம் கூட்டிக் கணக்கிட வேண்டும். நோயின் காலக்கெடு வேலையை விட்ட நாளிலிருந்து அல்லாமல், நோய் தெரிந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.