யார் சொன்னது?

அந்தக் காலத்துப் பத்திரிகையில் பொய்யே வராது என்று என் வயதுக்காரர்கள் பூங்கா பெஞ்சில் அளந்துகொண்டிருப்பார்கள். நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவிலேயே தலை நரைத்த எனக்குச் சிரிப்புத்தான் வரும். பொய் அன்றும் வந்தது; பெரிய இடத்திலிருந்தே வந்தது.

1979 மார்ச் 22. ஜே.பி. என்று அழைக்கப்பட்ட மூத்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமாகிவிட்டார் என்று மக்களவையில் பிரதமர் மொரார்ஜி தேசாயே அறிவித்தார். அவை இரங்கல் தெரிவித்து ஒத்திவைக்கப்பட்டது. அகில இந்திய வானொலியும் சொல்லிவிட்டது. ஜே.பி.யோ பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அக்டோபர் 8 அன்றுதான் பாட்னாவில் மறைந்தார். 1984 அக்டோபர் 31 இதற்கு நேர்மாறு. காலையில் சுடப்பட்ட இந்திரா காந்தி இறந்துவிட்டதை வானொலி மாலையில்தான் அறிவித்தது. சிற்றலை வானொலி வைத்திருந்தவர்களுக்கு பி.பி.சி. முன்பே சொல்லிவிட்டது. 1975-77 நெருக்கடி நிலைக் காலப் பத்திரிகைத் தணிக்கையைப் பற்றிப் பேசப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த நாளில் செய்தி நிறுவனங்கள் கம்பி வழியாக அனுப்புவதைத் தாளில் அச்சடித்துத் தள்ளும் டெலிபிரிண்டர் என்ற இயந்திரம் எங்களிடம் இருந்தது. அதில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் ஊர், தேதி, அனுப்பிய நிறுவனம் என்று ஒரு முகவரி இருக்கும். தாளைக் கிழித்து மேசைக்குக் கொண்டுபோனால் எங்கள் செய்தி ஆசிரியர் முதலில் பார்ப்பது அதைத்தான். மாவட்ட நிருபர் 'கூறப்படுகிறது' என்று எழுதியிருந்தால் அதன் அடியில் சிவப்பு மையால் ஒரு கோடு. ஓரத்தில் 'யார் சொன்னது?'. பதில் வரும்வரை அந்தச் செய்தி அச்சுக் கோக்கப் போகாது. நிருபர்கள் அவரைத் திட்டாத நாள் இல்லை. அனுப்பிய செய்தி தவறென்று தெரிந்தால், அதை நீக்கச் சொல்லி நிறுவனமே அடுத்த தகவல் அனுப்பும். முதல் செய்தி எந்தக் கம்பி வழியாக வந்ததோ, மறுப்பும் அதே வழியாக அதே மேசைக்கு வந்து சேரும்.

வாட்ஸ்அப்பில் வருவதற்கு முகவரி ஏது? சித்தப்பா அனுப்பினார், அவருக்கு யாரோ அனுப்பினார். மறுப்பு வந்தாலும் அந்த யாரோவைத் தேடிப் போகாது. தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றி என் எண்ணம் இன்னும் மோசம். தருமபுரிக்கு ஒரு நிருபரை அனுப்பி நாலு நாள் தங்கவைப்பதைவிட, நாலு பேரை அரங்கில் உட்காரவைத்துக் கத்தவிடுவது செலவு குறைவு. இது வேறு ஒன்றுமில்லை, கணக்குப்பிள்ளை வேலை.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு ஊர்ச் சண்டைகளை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். ஹோலிக்கு ஊர் போகிறவர்களின் ரயில் நிலையக் கூட்டத்தை, உயிருக்குப் பயந்து ஓடுகிற கூட்டம் என்றார்கள். காவல்துறை மறுத்தது, பீகார் அரசு அனுப்பிய குழுவும் வந்து பார்த்தது. அதற்குள் அந்தக் காணொளிகள் எத்தனை வீடுகளில் அழுகையைக் கிளப்பினவோ!

எங்கள் தெரு உணவகத்தில் ரொட்டி சுடும் பையனின் அம்மா, உடனே கிளம்பி வா என்று அழுதிருக்கிறார். அவன் வீடியோ அழைப்பில் அடுப்பையும் கடையையும் சுற்றிக் காட்டினான். போதாதென்று முதலாளியிடம் போனைக் கொடுத்தான். அவருக்கு இந்தி தெரியாது. 'நல்லா இருக்கான்மா, மூணு வேளையும் சாப்பிடுறான்' என்று தமிழிலேயே உரக்கச் சொன்னார். அந்த அம்மா அதற்குப் பிறகுதான் அழுகையை நிறுத்தினாராம்.