பின்கட்டுத் தளத்தைப் பெயர்த்துக் கல் பதித்த அனுபவம்

கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டில், பின்கட்டுக்கும் கிணற்றடிக்கும் நடுவே 16 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள திறந்தவெளித் தளம் ஒன்று இருக்கிறது. வற்றல் காயப்போடுவதும், விசேஷங்களுக்குக் கோட்டை அடுப்பு மூட்டுவதும், வெயில் தாழ்ந்தபின் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவதும் அங்கேதான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய பழைய தளத்தின் மேல், பிற்காலத்தில் யாரோ இரண்டு அங்குலத்துக்குச் சிமென்ட் போட்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தளம் ஓரளவு நெகிழ்ந்துகொடுக்கும், ஈரத்தையும் வெளியே விட்டுவிடும்; சிமென்ட் இரண்டும் செய்யாது. மேல்தளம் வெடித்து, வெடிப்பு வழியாக இறங்கிய மழைநீர் அடியிலேயே தங்கி, பின்சுவரின் சுண்ணாம்புப் பூச்சு முழங்கால் உயரம் வரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

ஆள் கிடைக்காமல் நான் இந்த வேலையில் இறங்கவில்லை. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர்கள் அனைவரும், இருக்கிற தளத்தின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள். ஏற்கெனவே வாசற்படியின் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வரை ஏறிவிட்ட தளத்தை இன்னும் உயர்த்தினால், ஐப்பசி மழையில் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. அதன்பிறகுதான் மைத்துனரும் நானும் கடப்பாரையை எடுத்தோம்.

பெயர்க்கும் வேலை உடம்பு வலிக்கிற வேலை என்பதைத் தவிர அதில் சொல்ல அதிகம் இல்லை. சிமென்ட் துண்டு துண்டாக வந்தது; அடியிலிருந்த சுண்ணாம்புத் தளம்தான் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதைப் பெயர்த்தபோது கிடைத்த தகவல் முக்கியமானது. சுற்றுச்சுவரின் வடமேற்கு மூலையில், கருங்கல்லைக் குடைந்து செய்த, தண்ணீர் வெளியேறும் தூம்பு ஒன்று சிமென்டுக்குள் புதைந்து கிடந்தது. பழைய தளம் முழுவதும் அந்தத் தூம்பை நோக்கியே சரிந்திருந்தது. வீட்டு மழைநீர் சந்து வாய்க்காலில் சேர்ந்து ஊருணிக்குப் போவதற்காக முன்னோர் வைத்த வழி அது. பின்னால் சிமென்ட் போட்டவர்கள் அதை மூடிவிட்டு, வாட்டத்தை, அதாவது தளத்தின் சரிவை, வீட்டுப் பக்கமாகத் திருப்பியிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் வயதான கொத்தனார் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த ஓட்டையத் தொறந்து வச்சாலே பாதி வேலை முடிஞ்சுது, மிச்சம் கல்லு பதிக்கிறதுதான்” என்றார்.

என்ன கல் என்பதில் வீட்டில் நீண்ட விவாதம் நடந்தது. ஆத்தங்குடிக் கல்லையே பதிக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் விருப்பம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் இட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்துச் செய்யும் அந்தக் கல்லின் பளபளப்பு கண்ணாடியால் வருவது; கூரைக்கு அடியில், நாள்தோறும் துடைக்கும் இடத்தில்தான் அது நிலைக்கும். வெயிலும் மழையும் நேரே விழும் இடத்தில் நிறம் மங்கிவிடும். செம்புராங்கல் உள்ளூரிலேயே கிடைத்தாலும், துளைகள் மிகுந்த கல்லாதலால் நிழலில் பாசி பிடிக்கும். கடைசியில், இடித்த வீட்டிலிருந்து விலைக்கு வந்த, உளியால் பொளி போட்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய கருங்கல் பலகைகளை வாங்கினோம்: இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு அங்குலக் கனம். பலகை ஒன்று ஏறக்குறைய 50 கிலோ இருக்கும் என்பதால் தனியாளாகத் தூக்க நினைக்கவே கூடாது. இரும்புக் குழாய்களை அடியில் போட்டு உருட்டித்தான் கொண்டுபோனோம். மத்தியானத்தில் அதன்மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது என்று அப்பத்தா குறைபட்டார்கள். உண்மைதான், வற்றலுக்கு மட்டும் அது நல்லது.

இந்த வேலையில் மிகுதியான நேரம் எடுத்துக்கொண்டது மட்டம் பார்ப்பதுதான், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். முடிந்த தளம் வீட்டுத் தரைக்கு ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும். அங்கிருந்து 60 அடிக்கு ஓரடி என்ற கணக்கில், அதாவது எங்கள் 12 அடி அகலத்தில் ஏறத்தாழ இரண்டரை அங்குலம், தூம்பை நோக்கி வாட்டம் வர வேண்டும். மூலைகளில் முளை அடித்து, மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயான டியூப் லெவலில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளிலும் நீர் அசைவற்று நின்றபின் முளைகளில் கோடு போட்டு, அந்தக் கோடுகளுக்கு நூல் கட்டினோம். மூலை நேராக இருக்கிறதா என்பதை மூன்றடி, நான்கடி, ஐந்தடி அளந்து பார்த்துக்கொண்டோம். கல்லுக்கு இரண்டு, கலவைக்கு ஒன்றரை, கிராவலுக்கு நான்கு என்று கணக்கிட்டு, முடியும் மட்டத்திலிருந்து ஏழரை அங்குலம் தோண்டினோம். கிராவலை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, லேசாக நனைத்துத் திமிசால் இடித்தோம். இடித்தால் அது அமுங்கும் என்பதால் கணக்கைவிடக் கால் பங்கு கூடுதலாக வாங்க வேண்டும். வாட்டத்தைக் கிராவலிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். கலவையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தால், கனமாக இருக்கும் இடமும் மெல்லிய இடமும் வெவ்வேறு வேகத்தில் காய்ந்து வெடிக்கும்.

கலவை ஒன்றுக்கு ஆறு, அதாவது ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்துக் கல்லை அமர்த்தும் பழக்கம் இங்கே பலரிடம் உண்டு. வேகமாக முடியும், ஆனால் உருண்டைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் தண்ணீர் தங்கும், எறும்பு புற்று வைக்கும், கனமான அண்டாவை வைத்தால் கல் பிளக்கும். நாங்கள் கலவையை முழுவதும் பரப்பி, பலகையின் அடியை நனைத்துச் சிமென்ட் பால் பூசி இறக்கினோம். மரச்சுத்தியால் தட்டும்போது டொக்கென்று வெற்றோசை கேட்டால், அந்தப் பலகையைக் கூச்சப்படாமல் தூக்கி மறுபடி வைக்க வேண்டும். ஈரச் சிமென்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும் என்பதால் கையுறை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. இடைவெளிகளை மறுநாள் ஒன்றுக்கு மூன்று கலவையால் அடைத்து, ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் க்யூரிங் செய்தோம். பின்சுவரின் உதிர்ந்த பகுதியை நன்றாகக் காயவிட்டுச் சுண்ணாம்பாலேயே பூசினோம். அங்கே மறுபடி சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும்.

வேப்பமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணாகவே விட்டோம். அதை ஒட்டிய வரிசைப் பலகைகளைக் கலவை போடாமல் மணலில் மட்டும் அமர்த்தினோம். மழைக்காலம் முடிந்தபின் வேர் பருத்து அவற்றில் ஒரு பலகை அரை அங்குலம் எழும்பியிருந்தது. கடப்பாரையால் நெம்பித் தூக்கி, வேரை வெட்டாமல் மணலைச் சிறிது வழித்துவிட்டு, அதே இடத்தில் திரும்ப வைக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது.