குமிழியைப் பார்த்ததும் விரட்டாதீர்கள்

கல்லிடைக்குறிச்சி அப்பளம் எண்ணெயில் பொங்குவது உள்ளிருக்கும் ஈரத்தால். மூன்று அணு தடிமனே உள்ள மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற குறைக்கடத்தி ஏட்டை, இன்னொரு மெல்லிய படிக ஏடான போரான் நைட்ரைடு மேல் இறக்கும்போது எழும் குமிழியிலும் ஈரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் காற்றில் கிடந்த எந்தப் பரப்பிலும் படிந்திருக்கும் ஹைட்ரோகார்பன் பிசுக்குக்கும் அதில் நல்ல பங்கு. இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டும்போது, இடையில் சிக்கியதைப் பிதுக்கி ஓரிடத்தில் ஒதுக்கிவிடுகின்றன. அதனால் நாலைந்து தெளிவான குமிழி தெரிந்தால் சுற்றியுள்ள இடம் பெரும்பாலும் சுத்தம். குமிழியே இல்லாமல் எங்கும் சொரசொரவென்று இருக்கிற அடுக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். அது சரியாக ஒட்டவே இல்லை.

நெல்லைப் பக்கம் இந்த வேலைக்கு இரண்டு பருவம் தொல்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியை அள்ளி வரும். ஜன்னல் சாத்தியிருந்தாலும், ஏட்டைத் தாங்கும் சிலிக்கான் வில்லையான வேஃபரில் துகள் உட்காரும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம். அசிட்டோன், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இரண்டிலும் ஐந்தைந்து நிமிடம் கழுவி, நைட்ரஜன் ஊதி, ஏட்டை வைப்பதற்குச் சற்று முன் 120 டிகிரி ஹாட்பிளேட்டில் சில நிமிடம் வேஃபரைச் சுட வைக்க வேண்டும். காலையில் சுட வைத்து மத்தியானம் பயன்படுத்துவதில் அர்த்தமே இல்லை. ஆக்சிஜன் பிளாஸ்மா ஏட்டை நன்றாகப் பிடிக்க வைக்கும். அதே பரப்பு தண்ணீரையும் இழுக்கும் என்பதை மறக்கக்கூடாது.

ஏட்டை ஒட்டித் தூக்கி வந்து இறக்கும் ஸ்டாம்ப்பைத் தட்டையாக அமுக்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒன்றிரண்டு டிகிரி சாய்த்து, ஒரு ஓரத்தில் தொட வைத்து, ஒட்டும் கோடு மெல்ல நகர்வதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். சுவரொட்டிக்காரர் ஒரு ஓரத்திலிருந்து நீவி வருகிற அதே கைவாகு. வேஃபர் இருக்கும் மேடையை 110 டிகிரி அளவில் வைத்தால் சிக்கிய பிசுக்கு இளகி, கோட்டுக்கு முன்னால் ஓடி வெளியேறும். பிடிஎம்எஸ் எனும் சிலிக்கோன் ரப்பரால் ஆன ஸ்டாம்ப் தானே சிலிக்கோன் எச்சத்தை விட்டுப்போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது வடிவம். கூர்முனையால் பரப்பைத் தடவி மேடுபள்ளம் அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் குமிழியின் உயரத்தையும் ஆரத்தையும் குறித்து, உயரத்தை ஆரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரே ஜோடிப் பொருளில் குமிழி சிறிதோ பெரிதோ, இந்த விகிதம் கிட்டத்தட்ட மாறாது. ஏட்டின் விறைப்புக்கும் ஒட்டுவிசைக்கும் உள்ள இழுபறி அதைத் தீர்மானிக்கிறது. விகிதத்தின் வர்க்கமே திரிபின், அதாவது ஏடு எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதன், ஏகதேச அளவு: உயரம் 40 நானோமீட்டர், ஆரம் 400 என்றால் சுமார் 1 சதவீதம். ஒன்று மட்டும் விகிதம் தப்பி, கூடாரம் மாதிரிக் கூர்ந்து, சுற்றிச் சுருக்கக் கோடுகள் ஓடினால் அது குமிழி இல்லை; அடியில் கெட்டித் துகள். எவ்வளவு சூடாக்கினாலும் அது போகாது.

லேசர் பட்டதும் ஒற்றை ஏட்டு மாலிப்டினம் டைசல்ஃபைடு திருப்பி விடும் ஒளிர்வின் ஆற்றல் 1.85 எலக்ட்ரான் வோல்ட் அருகே வரும். எல்லாத் திசையிலும் 1 சதவீதம் இழுபட்டால் ஏறக்குறைய 0.1 எலக்ட்ரான் வோல்ட் இறங்கும். இங்கேதான் ஏமாறுவது அதிகம். லேசர் திறன் கூடினால் ஏடு சூடாகும். அணுக்களின் அதிர்வைக் காட்டும் ராமன் கோட்டைச் சூடும், திரிபு தள்ளுகிற அதே பக்கம்தான் தள்ளும். திறனைப் பாதியாக்கித் திரும்ப எடுங்கள். கோடு நகர்ந்தால் முன்பு பார்த்ததில் சூடும் கலந்திருக்கிறது. லேசர் புள்ளியே சுமார் 1 மைக்ரான் அகலம் என்பதால், அதைவிடச் சிறிய குமிழியில் கிடைப்பது உச்சியும் ஓரமும் கலந்த சராசரி.

திரிபை வெறும் கேடாக நினைக்கவும் வேண்டாம். பிளாட்டினம் மேல் வளர்ந்த கிராஃபீனின் (ஓரணு தடிமனுள்ள கார்பன் ஏடு) நானோ குமிழிகளில், 300 டெஸ்லாவுக்கு மேற்பட்ட காந்தப்புலத்தில் இருப்பதுபோல் எலக்ட்ரான்கள் நடந்துகொண்டதை 2010-இல் அளந்தார்கள். வெளியே காந்தம் எதுவும் இல்லை.

மின்சாதனம் செய்யத் தட்டையான இடம் வேண்டும் என்றால் வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கலாம். சிறு குமிழிகள் சேர்ந்து பெரிதாகும். இடையில் சுத்தமான திட்டு கிடைக்கும், அதற்குள் சாதனத்தை வரைந்துகொள்ளலாம். அவசரமாக ஆற்றினால் சுருக்கம் விழும். நடுவில் கரண்ட் போனால், வெற்றிடத்துக்காகக் காற்றை உறிஞ்சும் ரோட்டரி பம்ப்பின் எண்ணெய் ஆவி குழாய் வழியே திரும்பிவரும். யுபிஎஸ்ஸில் உலையை மட்டும் மாட்டிவிட்டுப் பம்ப்பை வெளியே விட்ட இடங்களில் மாதிரி அதோடு முடிந்தது. கரண்ட் போனதும் பம்ப்புக்கும் உலைக்கும் நடுவிலுள்ள வால்வு தானாக மூடும்படி இருக்க வேண்டும். அணுவிசை நுண்ணோக்கியின் முனையால் குமிழியை ஓரத்துக்குத் தேய்த்துத் தள்ளுவது கடைசி வழி. குறைந்த விசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசைக்குப் பிறகும் படம் எடுத்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். ஏடு கிழிவது பெரும்பாலும் குமிழியின் ஓரத்தில்தான்.