20 பைட்

நவம்பர் 18

காலை 10:40. பாடல் அட்டவணை காலி. காலி செய்தது நான்தான்.

நவம்பர் 18, இரவு

திரையில் இரண்டு சன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று சோதனைக்கு, மற்றது உண்மையான சர்வர். சோதனை அட்டவணையைத் துடைக்கும் கட்டளையை மற்றதில் கொடுத்துவிட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பாடல்களைப் பதிவு செய்த ஒன்பது வருட உழைப்பு.

உடனே சேவையை நிறுத்தினேன், அந்த சர்வரில் இனி யாரும் எதுவும் எழுதக்கூடாது என்று. ஒலிக் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவற்றின் பெயர்கள் வெறும் எண்கள். எந்த எண் எந்த ஆச்சியின் குரல், எந்த ஊர், தாலாட்டா ஒப்பாரியா, பாதியில் விழுங்கிய சொல் என்ன என்பதெல்லாம் அட்டவணையில்தான் இருந்தன.

தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப் கிளவுடுக்குப் போகிறது. பயப்பட ஒன்றுமில்லை. பள்ளத்தூர் ஆச்சியும் அதில் இருப்பார்.

அப்பச்சியிடம், என் அப்பாவிடம், சொல்லவில்லை.

நவம்பர் 19

20 பைட்.

நேற்றைய கோப்பு 20 பைட். முந்தின நாளுடையது 20 பைட். அக்டோபர் முழுவதும், செப்டம்பர் முழுவதும், அப்படியே ஜூலை 19 வரை. 123 கோப்புகள். பெயர் சரி, தேதி சரி, உள்ளே ஒன்றுமில்லை.

காரணம் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. ஜூலையில் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றினேன். பேக்கப் எடுக்கும் நிரலில் மாற்றவில்லை. அன்று இரவிலிருந்து அது கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. அதன் வெளியீட்டை வாங்கிச் சுருக்கும் ஜிசிப், தன்னிடம் வந்த ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கிக் கொடுத்திருக்கிறது. ஒன்றுமில்லாததை ஜிசிப் சுருக்கினால் 20 பைட் வரும். ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுப்பதுதான் குழாய்; அதன் கடைசியில் இருப்பது வென்றால் மொத்தமும் வென்றதாக, கட்டளைகளை இயக்கும் ஷெல் கணக்கு வைக்கும். ஆகவே 123 இரவுகள், 123 'வெற்றி'.

ஒருநாளாவது அளவைப் பார்த்திருக்கலாம். ஒரே ஒருநாள்.

நவம்பர் 19, பின்னிரவு

பள்ளத்தூருக்கு நான் போனது ஜூலை 18-க்கு முன்பா, பின்பா?

நவம்பர் 20

நல்ல கோப்பு ஜூலை 18-க்கு உரியது. ஆனால் அதை உடனே இறக்க முடியாது. 30 நாள் கழிந்ததும் எல்லாவற்றையும் அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3-யின் ஆக மலிவான அடுக்கான டீப் ஆர்க்கைவுக்குத் தள்ளும்படி விதி எழுதி வைத்தவள் நானே. அங்கிருந்து எடுக்க முதலில் கோரிக்கை கொடுக்க வேண்டும். சாதாரண வழியில் 12 மணி நேரத்துக்குள் வரும், மலிவு வழியில் 48 மணி நேரம்வரை ஆகும். சாதாரண வழியைக் கேட்டிருக்கிறேன். இரவு 7:15.

மழை. வளவில் வைத்த கிடாரம் நிரம்பி வழிகிறது. ஆத்தா அதைக் கவிழ்க்கச் சொல்லி இரண்டு முறை குரல் கொடுத்துவிட்டார்கள்.

ஒலிப்பதிவுக் கருவியில் தேதி பார்க்கலாம் என்றால், பேட்டரி மாற்றும்போதெல்லாம் அதன் கடிகாரம் ஜனவரி 1-க்குப் போய்விடும். கிளவுடில் ஏற்றிய தேதியும் உதவாது, மாதக் கடைசியில் மொத்தமாகத்தான் ஏற்றுவேன்.

நவம்பர் 21

5:50-க்குக் கோப்பு வந்துவிட்டது. 38 எம்பி. 38!

மின்சாரம் இல்லை.

நவம்பர் 22

சர்வரைத் தொடவில்லை. என் மடிக்கணினியில் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸைப் புதிதாக நிறுவி, கோப்பு முழுதாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, அதில் ஏற்றினேன். முதல் முறை வரிசையாகப் பிழைகள்: பயனர் இல்லை, பயனர் இல்லை. ஒரு தரவுத்தளத்தைப் பிரதி எடுக்கும்போது அதன் பயனர்கள் கூட வருவதில்லை, அவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். கையால் உருவாக்கி மறுபடி ஏற்றினேன்.

2,104 வரிகள். ஒரு பாடலுக்கு ஒரு வரி. எண்ணி முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அகரவரிசையில் பார்த்தால் கனகம் முதலில் வருகிறார், கமலம் பிறகு. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ன என்ற எழுத்துக்கு ந-வை அடுத்து இடம் கொடுத்திருக்கிறார்கள், நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். புதிய தளத்தை வெறும் எண் வரிசையில் உருவாக்கிவிட்டேன். தமிழ் வரிசையைக் குறிப்பிட்டதும் கமலம் முன்னே வந்தார். இதற்கு ஒரு மணி நேரம் செலவழித்தேன். செய்ய வேண்டிய வேலைதான். இந்தப் பெயர்கள் தப்பாக நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி இல்லை.

நவம்பர் 23

அப்பச்சியிடம் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. "பேரேடு போனால் போகட்டும், நாள்வழி எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

ஐயா, என் தாத்தா, ரங்கூனில் கடைப் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு கற்றவர். வரவும் செலவும் அன்றன்றைக்கு நடந்த வரிசையிலேயே நாள்வழியில் ஏறும், பிறகுதான் ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். பேரேடு கரையானுக்குப் போனாலும் நாள்வழி இருந்தால் உட்கார்ந்து மறுபடி எழுதிவிடலாம். 1942-ல் ஐயா பர்மாவை விட்டு வந்தபோது எதையெல்லாம் போட்டுவிட்டு வந்தார் என்பதை அப்பச்சி பலமுறை சொல்லியிருக்கிறார். இன்று அதைச் சொல்லவில்லை.

போஸ்ட்கிரஸும் நாள்வழி எழுதுகிறது. ஒவ்வொரு மாற்றமும் முதலில் அதில் ஏறிய பிறகுதான் அட்டவணைக் கோப்புக்குப் போகும். 16 எம்பி அளவுள்ள துண்டு துண்டான கோப்புகள். எப்போதோ எடுத்த ஒரு முழுப் பிரதியும், அதற்குப் பின் வந்த துண்டுகளும் கிளவுடில் இருந்திருந்தால், நவம்பர் 18 காலை 10:39 வரை கொண்டுவந்து நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். அது நிறுத்தியிருக்கும். நான் அந்தத் துண்டுகளை அனுப்ப ஏற்பாடு செய்யவில்லை. வாரத்துக்கு நான்கு பாடல் ஏறும் தளத்துக்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

பாடல் விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதுவதையும் கடந்த சித்திரையோடு விட்டுவிட்டேன். போனிலேயே தட்டச்சு செய்வது எளிதாக இருந்தது.

நவம்பர் 25

தூக்கம் வரவில்லை. நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லாப் 2017 ஜனவரி 31 அன்று பட்டதைத் திரும்பப் படித்தேன். அங்கும் ஒரு பொறியாளர் தப்பான சர்வரில் அழித்துவிட்டார். அங்கும் எஸ்3-யில் பேக்கப் இல்லை: தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் 9.6 பதிப்பு, பிரதி எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு, அதனால் அது இயங்கவே இல்லை. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் யாரையும் எட்டவில்லை. வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. எல்லாவற்றையும் உலகம் பார்க்க எழுதி வைத்தார்கள். நன்றி சொல்லத் தோன்றியது.

நவம்பர் 26

2,267 ஒலிக் கோப்புகள், 2,104 வரிகள். 163 குரல்களுக்குப் பெயர் இல்லை.

ஒன்றிலிருந்து கேட்கத் தொடங்கினேன். பலரை இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. கானாடுகாத்தான் அக்காக்கள் இருவரும் சேர்ந்து பாடியது, தேவகோட்டைக்காரர் ஒவ்வொரு கண்ணிக்கும் இருமுவது. இதுவரை 41 எழுதிவிட்டேன்.

பள்ளத்தூர் ஆச்சி பாடும்போது வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் கடிகாரம் அடித்தது. அவர் நிறுத்தினார். அத்தனை அடியும் முடியும்வரை காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்தே எடுத்தார். அதை மட்டும் மறக்கவில்லை. புரட்டாசியில் அவர் போய்விட்டார்.

நவம்பர் 27

இன்று 30. கடிகாரம் இல்லை.

நவம்பர் 28

இரண்டு கோப்புகளில் கடிகாரம் அடிக்கிறது. இரண்டிலும் குரல் நிற்கிறது.

நவம்பர் 29

2,161-ல் நான்கு அடி. 2,188-ல் பதினொன்று. இரண்டும் முதிய குரல்கள், இரண்டும் தாலாட்டு. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மூன்று மணி நேரம் அருகருகே தோள் உரச உட்கார்ந்து கேட்ட குரல்.

நான் போனது காலையிலா, மாலையிலா?

நவம்பர் 30

பையின் உள்ளறையில் பஸ் டிக்கெட் கிடைத்தது. வெப்பத்தாள், எழுத்து முழுக்க வெளுத்துவிட்டது. விளக்குக்கு எதிரே பிடித்தும் பார்த்தேன்.

டிசம்பர் 1

பேக்கப் நிரலை மாற்றிவிட்டேன். குழாயில் எது தோற்றாலும் நிற்கும். கோப்பு ஒரு எம்பிக்குக் குறைந்தால் என் போன் அடிக்கும். ஞாயிறுதோறும் அன்றைய பிரதியைக் காலியான ஒரு தளத்தில் ஏற்றி வரிகளை எண்ணிச் சொல்லும். நாள்வழித் துண்டுகளும் இன்றிலிருந்து போகின்றன. முதல் துண்டு போய்ச் சேர்ந்ததை நானே திறந்து பார்த்தேன்.

அப்பச்சி புதிய குறிப்பேடு ஒன்று வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் மஞ்சளால் பிள்ளையார் சுழி.

டிசம்பர் 2

பள்ளத்தூர் ஆச்சியின் மருமகளோடு பேசினேன். அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுகிறதாம். இரண்டையும் கொண்டு வரச் சொன்னார்கள். 7 மணி பஸ்.