ஊஞ்சல், பணியாரம், போதும்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பௌர்ணமி இரவு. உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்துக்கு நேர் மேலே நிலா. “அதோ பார், நிலா” என்று கையை நீட்டினேன். அவன் என் வளையலைப் பார்த்தான். மறுபடியும் காட்டினேன்; மறுபடியும் வளையல்தான். அப்போது அவனுக்கு நான்கு வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. ஒருவர் விரல் காட்டும் திசையில் பார்ப்பது ஒன்றரை வயதுக்குள் பிள்ளைக்கு வந்துவிட வேண்டிய பழக்கம் என்பது, முப்பத்து மூன்று வருடம் வாத்தியார் வேலை பார்த்த எனக்குத் தெரியாது. ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டான் என்ற சந்தோஷத்தில் வாயைத் துடைத்துவிட்டுத் தூங்க வைத்தேன். அவனுக்கு ஆட்டிசம் என்பது பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் காரைக்குடி பஸ் நிலையத்தில் ஓர் இளம் தாய் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தாள். மடியில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. “ஆச்சி, உங்கள் பேரனுக்கு எங்கே பார்க்கிறீர்கள்? நாங்கள் எங்கே போவது?” என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன், என் பஸ் வந்தது, போயும் விட்டது, பேச்சு முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் வீணானது இரண்டு வருடம். பெங்களூரில் இருந்த மகள் தொலைபேசியில் அழுதபோதெல்லாம், “ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்” என்று சொன்னது நான்தான். மாப்பிள்ளையும் நான்கு வயதில்தான் பேசினாராம். சம்பந்தி வீட்டில் அப்படிச் சொன்னார்கள். குன்றக்குடிக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டோம். அதில் எனக்குக் குறையில்லை. முருகனிடமும் போகலாம், மருத்துவரிடமும் போகலாம். இரண்டாவதைத்தான் விட்டுவிட்டோம்.

பிறகு உறவுக்காரர்களின் தீர்ப்புகள். தாய் வேலைக்குப் போனதால்தான், தொலைக்காட்சியால்தான், தடுப்பூசியால்தான். ஒரு கல்யாண வீட்டில் பெரியாத்தா ஒருவர் என் மகள் காதில் விழும்படியே சொன்னார். தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். தானே ஆட்டிசமுள்ள பிள்ளையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964இல் அதைத் தகர்த்தார். தடுப்பூசிக் கதைக்கு வித்திட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில், பிறப்போடு வரும் வேறுபாடு. பெரியாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டு, “இருந்தாலும்…” என்றார்.

சரி, எங்கே போவது?

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் எங்களுடையது. ஆனால் எங்கள் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். வெண்ணெய்ப் பானையில் சுண்ணாம்பு என்று எழுதி வைத்திருந்தால் யார்தான் திறந்து பார்ப்பார்கள்? ‘ஆட்டிசம்’ என்ற பலகையைத் தேடினோம். நம் பக்கத்தில் அந்தப் பலகை எங்கும் இல்லை. உதவியெல்லாம் வேறு பெயர்களுக்குள் இருக்கிறது.

முதல் பெயர், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் வருவது. அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வண்டியில் ஒரு மருத்துவக் குழு வர வேண்டும். வளர்ச்சியில் சந்தேகம் தோன்றும் பிள்ளைகளை இந்த மையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த வண்டி எத்தனையோ முறை என் பள்ளிக்கு வந்திருக்கிறது. பல்லையும் கண்ணையும் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்து வரிசையில் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறேன். உங்கள் குழந்தை அங்கன்வாடிக்குப் போனாலும் போகாவிட்டாலும், பணியாளரிடம் அந்த வண்டி எப்போது வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பெயர், வட்டார வள மையம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் இடம் என்றுதான் என் மனத்தில் பதிந்திருந்தது. நானே எத்தனையோ நாள் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கிருந்துதான் பள்ளிகளுக்கும், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போகிறார்கள். காசு கிடையாது. எங்கள் வீட்டுக்கு வரும் பயிற்றுநர் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் சிறப்புக் கல்வித் துறையில் படித்த பெண். அப்படி ஒரு துறை நம் ஊரிலேயே இருக்கிறது என்பதையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் வருவதற்கு முன் நாங்கள் பட்டதையும் சொல்ல வேண்டும். பெரிய ஊர் ஒன்றில் ஒரு தனியார் பயிற்சி நிலையம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், உள்ளே முக்கால் மணி நேரம். கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மகளும் நானும். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால், “நன்றாகச் செய்கிறான் அம்மா” என்று ஒரு வரி. ஆறு மாதத்தில் ‘குணமாகிவிடும்’ என்று சுவரில் எழுதியிருந்தது. இது குணமாகிற காய்ச்சல் இல்லை. அவனோடு வளர்கிற இயல்பு. அந்த வாசகத்தைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுங்கள் என்பேன்.

பயிற்றுநர் முதல் நாள் வந்ததும் பையைப் பிரிக்கவில்லை. பட்டாலையில் (எங்கள் வீட்டுக் கூடம்) தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அவனையே பார்த்தாள். அவன் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சிவப்புப் பூ உள்ள கற்களை மட்டும் மிதித்து நடந்தான். நாங்கள் அதட்டி நிறுத்தப் பார்க்கிற பழக்கம் அது. அவள் எழுந்து அவன் பின்னாலேயே சிவப்பை மட்டும் மிதித்து நடந்தாள். மூன்றாவது சுற்றில் வேண்டுமென்றே ஒரு பச்சைக் கல்லை மிதித்தாள். பேரன் நின்றான். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான், நேராக. அதுவரை வீட்டுக்கு வந்த யார் முகத்தையும் அவன் அப்படிப் பார்த்ததில்லை.

“டீச்சரம்மா, உங்கள் வீடே பயிற்சி நிலையம்தான்” என்றாள். முகஸ்துதி என்று நினைத்தேன். பிறகுதான் அவள் கணக்குப் புரிந்தது. வாரத்தில் அவள் இருப்பது இரண்டு மணி நேரம், நாங்கள் இருப்பது மிச்சமெல்லாம். ஆகவே அவள் பாடம் நடத்தியது பெரும்பாலும் எனக்குத்தான். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியைக்கு மாணவியாவது அவ்வளவு சுலபமில்லை. “கேள்வி கேட்காதீர்கள், அவன் செய்வதைச் சொல்லுங்கள்.” “ஒரு சொல் சொல்லிவிட்டுப் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொள்ளுங்கள்.” இரண்டாவதுதான் எனக்கு வந்து சேரவே ஒரு மாதம் ஆயிற்று.

படம் காட்டிப் பேசும் அட்டைகளைக் கடையில் வாங்கினோம். ஆப்பிள், ஐஸ்கிரீம், நீச்சல் குளம். அவன் ஆப்பிளைத் தொடமாட்டான், நீச்சல் குளத்தைப் பார்த்ததே இல்லை. அவற்றைக் கட்டிவைத்துவிட்டு, எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர், பட்டாலை ஊஞ்சல், வெள்ளைப் பணியாரம், கம்மாய்க் கரை, அவன் ஐயாவின் செருப்பு (தாத்தா வெளியே அழைத்துப் போகிறார் என்று பொருள்) எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்தோம். பதினெட்டாம் நாள் ஊஞ்சல் அட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். அது வரை ஊஞ்சல் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப்போவான்; எதற்கு இழுக்கிறான் என்று எனக்குப் புரியாவிட்டால் தலையைத் தூணில் மோதிக்கொள்வான். இப்போது சென்னையில் உருவான, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும் ‘அவாஸ்’ செயலியைக் கைக்கணினியில் பழகத் தொடங்கியிருக்கிறான். இப்படிச் செய்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். ஊஞ்சல் அட்டைக்குப் பிறகுதான் “ஊஞ்ச” என்ற சொல் வந்தது.

பணியாரம் வேறு ஒரு பள்ளிக்கூடம். உழக்கு நிறையப் பச்சரிசி, அதன்மேல் சரிகிற வரை கோபுரமாக உளுந்து, அதுதான் அளவு. உளுந்தைக் கோபுரமாக்கும் வேலை அவனுடையது. ஒரு கை அவன், ஒரு கை நான், முறை மாற்றி. கையைத் தூக்கிக்கொண்டு என் முறை முடியக் காத்திருப்பான். காத்திருக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை. எண்ணெய்ச் சட்டி காய்வதற்குள் ஊஞ்சலுக்கு அனுப்பிவிடுவேன்.

இனி அரசு காகிதங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் சொல்லப்பட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கு 40 கேள்விகள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 70 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் ஆட்டிசம். ‘இன்று சமர்த்தாக இருக்கிறான்’ என்று மருத்துவரிடம் பெருமை பேசாதீர்கள். மோசமான நாளில் எப்படி இருப்பான் என்று எழுதி எடுத்துப் போங்கள். மகள் அப்படிப் பெருமை பேசி ஒரு முறை வெறுங்கையோடு திரும்பினாள். சான்றிதழ் வந்த பிறகு தனித்துவ அடையாள அட்டை, அதன் பிறகு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு. வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை இல்லாமல்; பயிற்சிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. ‘மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல்’ என்று ஒரு தனியார் பள்ளி எங்களைத் திருப்பி அனுப்பியபோது இந்த வரி எனக்குத் தெரிந்திருந்தால் அவ்வளவு பணிவாக எழுந்து வந்திருக்க மாட்டேன். இப்போது அவன் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு.

அரசு காகிதத்தில் ஆட்டிசத்துக்குப் போட்டிருக்கும் தமிழ் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்பது. வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கம்மாய்க்கு அப்பால் ரயில் வருவது எங்கள் யாருக்கும் கேட்பதற்கு முன் அவனுக்குக் கேட்கிறது. புற உலகம் அவனுக்கு இல்லாமல் போகவில்லை, அளவுக்கு மேல் உள்ளே வருகிறது.

என் பள்ளியில் ஒரு பையன் இருந்தான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போவான். குறும்பு என்று நினைத்து வெளியே நிறுத்தியிருக்கிறேன், மணிக்குப் பக்கத்திலேயே. அவன் இப்போது எங்கே இருக்கிறானோ.

தமிழில் படிக்க வேண்டுமென்றால் யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ போதும். மெல்லிய புத்தகம், மாப்பிள்ளையே ஒரே மூச்சில் படித்தார். விரிவான மதிப்பீடு தேவைப்பட்டால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் ஒன்று, பல்வகை ஊனமுற்றோருக்கானது, இருக்கிறது. ஒரு முறை போய் வந்தோம். ஆனால் வாராவாரம் அங்கே ஓட முடியாது; பேச்சுப் பயிற்சியாளருக்கு நம் பக்கத்தில் இன்னும் தட்டுப்பாடுதான். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

தை மாதம் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் தொடங்கியதும் பேரன் இடுப்பில் தொங்கவிட்டிருந்த அட்டைக் கொத்தைப் புரட்டி ஒன்றை எடுத்து மகள் முகத்துக்கு முன் நீட்டினான். திறந்த உள்ளங்கைப் படம்: ‘போதும்’. கத்தவில்லை, தரையில் விழவில்லை. மகள் அவனைத் தூக்கிக்கொண்டு முகப்பைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டாள். நானும் எழுந்தேன். “பந்திக்கு இருக்காமல் போகிறீர்களே” என்றார் அதே பெரியாத்தா. “அவன் போதும் என்று சொல்லிவிட்டான்” என்றேன். அவர் முகத்தில் என்ன தோன்றியது என்று பார்க்க நிற்கவில்லை.

பஸ் நிலையத்தில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு ஓர் அட்டைக் கொத்து செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊஞ்சல் அவர்கள் வீட்டில் இல்லை. குழந்தைக்கு மிகவும் பிடித்தது அவர்கள் வீட்டு வெள்ளாட்டுக் குட்டியாம். நாளைக் காலை படம் எடுக்கப் போகிறேன். அந்தக் குட்டி ஓர் இடத்தில் நின்றால்தானே.