கசியிழையம் செமினார்: நான் மாட்டுப்பட்ட இடங்கள்

போன செமஸ்ரர் எனக்கு வந்த தலைப்பு, லாப்ல வளர்த்த கசியிழையத்தை (மூட்டில இருக்கிற குருத்தெலும்பு) அமுக்கினா என்ன நடக்கும் எண்டது. ஜூனியர் பிள்ளையள் ரெண்டு மூண்டு பேர் கேட்டவை, அதுதான் எழுதுறன். அந்த அமுக்கிற மெசினை நான் கண்ணால கண்டதில்லை, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில ரூமுக்க இருந்து பேப்பர் வாசிச்சது மட்டும்தான்.

முதல் விட்ட பிழை, எல்லாத்தையும் அமுக்கம் எண்டே கொப்பியில எழுதினது. இந்த இழையத்தை ஜெல்லுக்க கலங்களை (செல்) போட்டுத்தான் வளர்க்கிறவை, அந்த ஜெல்லுக்கு மேல தட்டு வைச்சு அமத்தினா வடிவம் மாறும், தண்ணி ஓடும். சுத்திவர திரவத்தால நெருக்கிறது வேற, அதில வடிவம் பெரிசா மாறாது. ரெண்டையும் ஒரே ரேபிளில போட்டு ரெண்டு கிழமை நாசம்.

பேப்பர் எடுத்தவுடன முடிவுக்குப் பாயாதேங்கோ. எத்தினை வீதம் அமத்தினவை, செக்கனுக்கு எத்தினை தரம், நாளைக்கு எவ்வளவு நேரம், கலம் போட்டு எத்தினையாம் நாள் தொடங்கினவை, இதுகளை முதல் குறியுங்கோ. 2000 ஆம் ஆண்டு மௌக் எண்ட ஆராய்ச்சியாளரின்ர ஆக்கள் செய்ததில அகரோஸ் ஜெல்லை 10% அளவில 1 ஹேர்ட்ஸில (செக்கனுக்கு ஒருக்கா), கிட்டத்தட்ட நாங்கள் நடக்கிற வேகம் எண்டு வையுங்கோவன், அமத்தி அமத்தி விட்டு 28 ஆம் நாள் பாத்தா சும்மா விட்ட ஜெல்லை விட 6 மடங்கு விறைப்பு. ஆனா அமத்தினபடியே பிடிச்சு வைச்சா கலம் இழையத்துக்குத் தேவையானதைச் செய்யிறது குறைஞ்சு போகும். ஏன் எண்டு கட்டாயம் கேப்பினம்.

அதுக்குத்தான் நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி பனங்காயை இழுத்தனான், இழையத்தில இருக்கிற கொலாஜன் எண்ட புரதம் தும்பு மாதிரி, இடையில இருக்கிற புரோற்றியோகிளைக்கன் களி மாதிரி எண்டு. எல்லாரும் சிரிச்சவை, சேர் மட்டும் "பிழிஞ்சா களியெல்லோ வரும், இதில என்ன வரும்?" எண்டார். முழுசிக்கொண்டு நிண்டன். வாறது தண்ணி ஐசே! புரோற்றியோகிளைக்கன் கொலாஜன் வலைக்குள்ளயே நிக்கும், அதின்ர மறையேற்றம்தான் (நெகட்டிவ் சார்ஜ்) விட்டவுடன தண்ணியைத் திருப்பி இழுக்கிறது. பிடிச்சே வைச்சா தண்ணி வெளியில போய் இடைவெளி நெருங்கி, பிஎச் குறைஞ்சு, சாப்பாடு பரவுறதும் கஸ்ரம், ரத்தக்குழாயும் இல்லாத இழையமெல்லோ.

வீட்ட வந்து படுத்தாப் பிறகுதான் வெளிச்சுது, இளம் ஜெல்லில வலை இன்னும் இறுகேல்லை, அப்ப களியும் கொஞ்சம் மீடியத்துக்க (கலம் வளருற சத்துத் திரவம்) போகத்தான் செய்யும், அதாலதான் நல்ல பேப்பரில மீடியத்தையும் சேத்து அளக்கிறவை. பனங்காய் முழுப் பிழையும் இல்லை, ஆனா சேர் அதுக்கிடையில மார்க்ஸ் போட்டு முடிச்சிட்டார்.