காவடி முடிந்ததும் ஒரு காட்டேரிப் படம்

12 பிப்ரவரி 2025, ரோஸ்ஹில், மொரீசியஸ்

நேற்றோடு தைப்பூசக் காவடி முடிந்தது. விரத நாட்களில் ரத்தம் கொட்டும் படமெல்லாம் கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டதால், ‘பிளேட்’ தம்பியின் பென்டிரைவிலேயே கிடந்தது. இன்றிரவு போட்டோம். 1998இல் வந்தது, ஸ்டீபன் நாரிங்டன் இயக்கம். பிரெஞ்சு டப்பிங்தான். காட்டேரிகளை வேட்டையாடும் பிளேடாக வரும் வெஸ்லி ஸ்னைப்ஸ் பேசுவதே கொஞ்சம், அதனால் பெரிய நஷ்டமில்லை.

தொடக்கக் காட்சி அபாரம். இறைச்சிக் கிடங்கு வழியாக ஓர் அப்பாவியை நடன விருந்துக்குக் கூட்டிப்போகிறாள் ஒருத்தி. கூரையில் இருக்கும் தீயணைப்புக் குழாய்கள் திறந்து ரத்தமாகக் கொட்டுகின்றன. சுற்றி ஆடுகிறவர்களுக்கெல்லாம் கோரைப்பல். தவழ்ந்து தப்பிக்கப் பார்ப்பவன் எதிரே ஒரு ஜோடி பூட்ஸ். அத்தனை பேரும் பின்வாங்குகிறார்கள். வந்தவன் எப்பேர்ப்பட்டவன் என்று வசனமே இல்லாமல் புரிகிறது. நம் தமிழ்ப் படமென்றால் இதற்கு ஒரு பாட்டு வேண்டியிருக்கும்.

13 பிப்ரவரி

ஸ்னைப்ஸ் நிஜமாகவே தற்காப்புக் கலை பயின்றவர். அடி விழும்போது அது தெரிகிறது. வாள், வெள்ளி, பூண்டு எல்லாம் உண்டு. சிலுவை வேலைக்காகாது என்று படமே சொல்லிவிடுகிறது. சரி, ஆனால் வரிசையாக வந்து சாம்பலாகிறவர்களைப் பார்த்து எப்படிப் பயப்படுவது? கொஞ்ச நேரத்திலேயே காட்டேரிகள் வெறும் அடியாட்களாகிவிடுகிறார்கள்.

எனக்குப் பகீரென்றது ஒரே இடத்தில்தான். வில்லன் ஃப்ராஸ்ட் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு பட்டப்பகலில் பூங்காவுக்கு வருகிறான். ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பேசுகிறான். வெறும் பேச்சுதான்.

15 பிப்ரவரி

ஆய்வகத்தில் ரத்தம் சேகரிக்கும் ஊதா மூடிக் குழாய்களை அடுக்கும்போது சிரிப்பு வந்தது. உள்ளே இருப்பது ஈடிடிஏ என்ற வேதிப்பொருள். படத்தில் கேரன் என்ற ரத்தவியல் மருத்துவர் அதைக் காட்டேரி ரத்தத்தில் விட, ரத்தம் வெடிக்கிறது! இங்கே அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும் எங்கள் மேசையில் கிடக்கும் பொருளை ஆயுதமாக்கிய யோசனை பிடித்திருந்தது.

அதைப் பாழாக்கியது கடைசிக் காட்சி. ஈடிடிஏ ஊசி ஏறியதும் ஃப்ராஸ்ட் பலூன் மாதிரி ஊதி வெடிக்கிறான். கிராஃபிக்ஸ் அப்பட்டமாகத் தெரிகிறது. முதலில் படமாக்கிய முடிவுக் காட்சியில் அவன் ரத்தச் சூறாவளியாகவே மாறுவான். அதைத் தூக்கிவிட்டு வாள்சண்டை வைத்தார்கள். நல்ல வேளை. ஸ்னைப்ஸை வைத்துக்கொண்டு சூறாவளி எதற்கு?

16 பிப்ரவரி

அம்மாவின் குறை வேறு. பிரசவத்தில் இறந்ததாக நினைத்த பிளேடின் தாய், காட்டேரியாகி ஃப்ராஸ்ட் பக்கம் இருக்கிறாள். “பெத்தவளையே கொன்னுட்டு அடுத்த சண்டைக்குப் போறானே, ஒரு நிமிஷம் நிக்க மாட்டானா?” என்றார் அம்மா. நியாயமான கேள்வி. பிளேட் பாதி மனிதன், பாதி காட்டேரி. ரத்த தாகத்தை அடக்கும் மருந்தும் வேலை செய்யாமல் போய்க்கொண்டிருக்கிறது. கதையின் முடிச்சே அங்கேதான். இயக்குநரோ அடுத்த அடிக்கு அவசரப்படுகிறார்.

இரண்டாம் பாகம் பாதி பார்த்தாயிற்று. 2002இல் வந்தது, கியெர்மோ டெல் டோரோ எடுத்தது. காட்டேரிகளையே வேட்டையாடும் ஒரு கூட்டம் வருகிறது. இப்போது காட்டேரிகளும் பயப்படுகிறார்கள், நானும்தான். மீதியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.